தொட்டிக்கு வேலி

ஆற்றுப் பக்கம் வெளிவேலி விழுந்து
ஏழு மாதம்.
நிமிர்த்த ஆகும் ரிங்கிட்டை
விரலில் எண்ணிப் பார்த்த தவுக்கே ஓங்
கையை மடக்கிக்கொண்டு சொன்னார்:
தொட்டியைச் சுற்றி மட்டும் போடு.
மான் தாண்டும். மாடு தாண்டாது.
கணக்கு அவ்வளவுதான்.

சுங்கை பாக்காப் இரும்புக்கடையில்
குழாய் இருபத்திரண்டு,
முள்ளில்லாக் கம்பி ஒரு சுருள்.
முள் வேண்டாம் என்றது நான்.
மான் தோல் கிழிந்தால் நட்டம் என்று
தவுக்கேயிடம் காரணம் சொன்னேன்.
மற்ற காரணத்தை
என்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை.

குழி தோண்டும்போதே
செம்பனை நிழலிலிருந்து வந்து நின்றன,
கன்றோடு சேர்த்து ஒன்பது.
முன்னால் டத்தோ.
பட்டம் கோகிலவாணி கொடுத்தது:
சாலை நடுவே அது நின்றால்
லோரியும் காத்திருக்கும்.
ஒவ்வொரு குழாயையும் மோந்து பார்த்தது,
கட்டடம் பார்க்க வந்த அதிகாரி மாதிரி.
கடைசிக் குழாயில் முதுகு சொறிந்தது.
சாய்ந்தது குழாய்.
மறுபடி சிமெந்து.

உயரம் நாலடி.
அளவெடுத்தது டத்தோவின் மார்பில்.
அசையாமல் நின்று கொடுத்தது,
தீபாவளிக்குச் சட்டை தைப்பதுபோல்.

மாலையில் பால்கேன் தொங்கும் மோட்டாரில்
கோகிலவாணி வந்தாள். இறங்கவில்லை.
"யாருக்கு வேலி?"
தொட்டிக்கு, என்றேன்.
"தொட்டி எங்க ஓடிப்போகப் போவுது?"
என்னிடம் பதில் இல்லை.
"மன்றத்துக்காரன் போன மாசம்
ரெண்ட லோரில ஏத்திட்டான்.
மீட்டுவர நூறு நூறா எண்ணி வெச்சேன்.
ரோட்டுப் பக்கம் போவாம
இந்தப் பக்கம் மேயட்டும்னு விட்டா
இங்கயும் கம்பி."
இஞ்சினை அணைக்காமலே பேசினாள்.
அணைத்திருந்தால்
நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

முதல் இரவு.
செம்பனைப் புண்ணாக்கு, சோளம்,
ஒரு கைப்பிடி உப்பு.
டார்ச்சை அணைத்துவிட்டுக்
கொட்டகையில் உட்கார்ந்தேன்.
நெடுஞ்சாலை இரைச்சல் கொஞ்சம் ஓய்ந்ததும்
வந்தன.
தாண்டின என்று சொல்ல முடியாது;
நின்ற இடத்தில் நிலம் நழுவிக்கொடுத்தது,
அவை உள்ளே இருந்தன.
மங்கிய நிலவில் முதுகுகளை எண்ணினேன்.
நான்கு, பதினொன்று, பதினெட்டு.
வெளியே கம்பியோரம்
புண்ணாக்கு வாசனையை இழுத்து இழுத்து விடும்
மூச்சுகளை எண்ணினேன்.
ஒன்பது.
இரண்டு கணக்கும் சரி.
தவுக்கேவுக்குச் செய்தி அனுப்பினேன்:
பதினெட்டு உள்ளே, ஒன்பது வெளியே.
கட்டைவிரல் படம் வந்தது.

அப்போது
பதினெட்டாவது மான்
'ம்மா' என்றது.

டார்ச்சை அடித்தேன்.
தொட்டிக்குள் முன்னங்கால் இரண்டையும் வைத்துக்கொண்டு
மானோடு மானாகக் கன்றுக்குட்டி.
கீழ்க்கம்பிக்கு அடியில் போட்ட தடம்
மழமழவென்று தெரிந்தது.
வெளியே மாடுகளுக்கு நடுவில்,
டத்தோவின் விலாவை ஒட்டி,
நிறைமாதச் சினைமான்.
கம்பியைப் பார்க்கிறது. பின்வாங்குகிறது.
இரண்டடி ஓடிவந்து
நின்றுவிடுகிறது.
மார்பை அளந்தவன்
வயிற்றை அளக்கவில்லை.

ஸ்பேனரைத் தேடி எடுத்து
ஒரு பக்கம் மட்டும் மேல்கம்பியைக் கழற்றினேன்.
என்னைக் கண்டு பதினேழும் பறந்தன.
அது மட்டும் போகவில்லை.
நான் கொட்டகைக்குத் திரும்பும்வரை
பொறுத்திருந்து,
தாழ்ந்த இடத்தில் அடிவயிறு உரச
ஏறி விழுந்தது உள்ளே.
அதே இடைவெளியில்
கழுத்தை நீட்டினார் டத்தோ.
மாட்டு நாக்கு இவ்வளவு நீளம் என்று
இரும்புக்கடையில் யாரும் சொல்லவில்லை.

விடிந்தபோது தொட்டி காலி.
மான்கள் போயிருந்தன.
கன்று மட்டும் கீழ்க்கம்பியில் தலையை விட்டு,
தோளை விட்டு,
அதற்கு மேல் முடியாமல் கத்திக்கொண்டிருந்தது.
வந்த வழிதான்.
வயிறுதான் வேறு.

பால்கேன் சத்தம் கேட்டது.
கோகிலவாணி கன்றைப் பார்த்தாள்,
கழன்று தொங்கும் கம்பியைப் பார்த்தாள்,
என்னைப் பார்க்கவில்லை.
இஞ்சினை அணைத்தாள்.
"பின்னங்கால நீ புடி."